காதர் பாயின் கயிறும் என் கடையாணியும்

போன வெள்ளிக்கிழமை பெரம்பலூர் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலுக்கே வந்தார். "நம்ம காதர் பாய் மவுத்தாயிட்டாருங்க. லெப்பைக்குடிகாட்டுல நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் வயதுதான் அவருக்கும்.

அவரோடு பழகியவர்களுக்கு உலக யுத்த காலத்து பஸ் வீடு நினைவிருக்கும். இருக்கைகளைக் கழற்றி எறிந்த பழைய பஸ்ஸில் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, மருந்து அலமாரி. டாக்டரம்மாவும் நர்ஸும் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, ஊர் ஊராக வைத்தியம் பார்த்தார்கள். காதர் பாய் டிரைவர், நான் கம்பவுண்டர். பெட்ரோல் ரேஷன் என்பதால், பின்பக்க உலையில் கரியை எரித்து வரும் கரிவாயுவில் பஸ் ஓடியது. அதன் பின்னால், நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடக்கூடிய ஒரு குட்டிக் காரை இழுத்துக்கொண்டு போவோம். கிடைத்த கொஞ்சம் பெட்ரோலை, பஸ் நுழையாத வண்டிப்பாதைகளுக்கென்று அந்தக் காரில் பத்திரப்படுத்தியிருந்தோம். "தாயி கரி தின்னும், புள்ளைக்கு மட்டும்தான் பாலு" என்பார் பாய்.

காரையும் பஸ்ஸையும் ஓர் இரும்புச் சட்டம் இணைக்கும். அதில் செருகும் பெரிய ஆணியைக் கடையாணி என்போம். அதை மாட்டிவிட்டால் கார் ஆளில்லாமலே ஒழுங்காகப் பின்னால் வரும்.

அரியலூரில் தங்கியிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தவர் பாய்தான். நானோ ஆர்வக்கோளாறில் கடையாணியையும் உருவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மத்தியானம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து விழுந்தார். "ரெண்டு நாளா வலிங்க. புள்ள வெளிய வரல. எப்படியாச்சும் வாங்கம்மா" என்று அழுதார். அவர் மனைவிக்கு முதல் பிரசவம். டாக்டரம்மா பையை எடுத்துவிட்டார். நான் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் என்னைப் பார்த்தார். கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து காரை பஸ்ஸோடு கட்டினார்.

கயிற்றில் இழுத்தால் காரில் ஆள் இருந்தே ஆகவேண்டும். என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "நான் கைய வெளிய நீட்டுனா பிரேக்க மிதிங்க. மிதிக்கலேன்னா நேரா பஸ்ஸுக்குள்ளதான் வருவீங்க" என்றார். அதற்குமுன் நான் ஓட்டியது சைக்கிள் மட்டும். கரியும் புகையும் முகத்தில் அப்ப, அந்தக் கை எப்போது நீளும் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே செந்துறைவரை போனேன். கயிறு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை!

வண்டிப்பாதை பிரியும் இடத்தில் பாய் கயிற்றை அவிழ்த்தார். டாக்டரம்மாவையும் நர்ஸையும் காரில் ஏற்றிக்கொண்டு, "நல்லபடியா முடிஞ்சா ஹாரன் அடிச்சுக்கிட்டே வரேன்" என்று கிளம்பினார். நான் பஸ்ஸுக்குக் காவல். பொழுது சாயும் நேரத்தில் சோளக்கொல்லைக்கு அப்பால் ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. வயலில் நின்றவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். "பொட்டப்புள்ள பொறந்திருக்குங்க! ரெண்டு உசுரும் சொகம்!" என்று பாய் கத்தினார். கரி மூஞ்சியோடு நான் குதித்ததைப் பார்த்து டாக்டரம்மாவே வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பிப் போக மறுபடி கயிற்றைக் கட்டும்போது, "கடையாணிய எடுக்கச் சொல்லியிருக்கலாமே பாய்?" என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சியப் பாத்தேன். கயிறு இருக்கறப்ப எதுக்குங்க உங்க சாமிகிட்டப் புடுங்கணும்?" என்றவர், முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "கயிறு இல்லேன்னா புடுங்கியிருப்பேன்."

யுத்தம் முடிந்து வண்டிகளை விற்றபோது அந்தக் கடையாணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனமிட்டு வைக்கிறேன், இந்த வருஷமும் வைப்பேன். அன்றைக்கு யாராவது ஓடிவந்து வாசலில் நின்றால், காதர் பாய், கயிறு தேட மாட்டேன். பூஜையிலிருந்து ஆணியை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.