கேட்டில் மாட்டிக்கொண்ட கைப்பை

இன்று மதியம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, செக்யூரிட்டி அக்கா என் கைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நம்ம கம்பெனி ரெக்சின் மாதிரியே கீதேம்மா."

நான் ஒரகடத்தில் கார் சீட் கவர் தைக்கிறவள். போனில் பார்த்த ஒரு விலை உயர்ந்த பைக்கு ஆசைப்பட்டு, அதே மாதிரி ஒன்றை நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரூமிலேயே கையால் தைத்தேன். ரெக்சின், பக்கத்து ஊரான படப்பையில் ஒரு கடையில் வாங்கியது. பில் வாங்கத் தோன்றவில்லை.

"சத்தியமா நான் எடுக்கலக்கா. ரூம்ல வச்சுத் தச்சது. என் வேலை போயிரும்க்கா."

கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த என் லைன் ஆட்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் நான் செத்துப்போயிருக்கலாம்.

லைன் சூப்பர்வைசரை வரவழைத்தார்கள். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள்வாரின் தையலை நகத்தால் நெருடினார்.

"இன்னாம்மா இது, ஒரு தையல் நீளமா கீது, ஒண்ணு குட்டையா கீது. நம்ம மெஷின்ல இப்டி விழாது. ரெக்சினும் வேற. இது நம்ம சரக்கு இல்ல, வுடுங்க."

உயிர் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் அவர் லைனில் பிழையைக் குறிக்கிற பழக்கத்தில், தையல் கோணலாக இருந்த மூன்று இடத்திலும் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டிருந்தார்.

மார்க்கர் கறை எதில் போகும் என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். நாளைக்கும் அதே கேட் வழியாகத்தான் வர வேண்டும். என்னிடம் இருக்கிற பில் அந்த மூன்று வட்டம்தான்.