ஒன்பதாவது போர்டில் ஒரு சந்தனப் பொட்டு

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி 3.10. ஒன்பதாவது போர்டு.

லேப் முழுக்கச் சந்தன வாசம். அதோடு சோல்டர் புகை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேறு எந்த லேப்பிலாவது இந்த இரண்டும் சேர்ந்து மணந்திருக்குமா தெரியாது. எங்கள் லேப்பில் மணந்தது. அன்று ஆயுத பூஜை. காரணம் விமலா அக்கா.

அக்கா எங்கள் டெக்னீஷியன். அப்போதே பதினோரு வருட சர்வீஸ். தினமும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி வருவார். அன்றைக்கு நடந்த ஒன்றை ரிப்போர்ட்டில் எழுதும்போது நான் இரண்டு சொல்லை விட்டுவிட்டேன். அதனால் இந்த வாரம் அவருடைய பதவி உயர்வு போகப்போகிறது. இதை எழுதுவது அதனால்தான்.

எனக்கு அது ஐந்தாவது மாதம். ஆறாவது மாதத்தில் வேலை கன்பர்ம் ஆக வேண்டும்.

வேலை கேட்க எளிது. கைபேசி அளவு போர்டில் இரண்டு ஆண்டெனா, நடுவில் ஒரு கட்டைவிரல் இடைவெளி. ஒன்று அனுப்புவதில் ஒரு பங்கை வெளியே விடாமல் மற்றது பிடித்துக்கொள்ளும். மியூச்சுவல் கப்ளிங் என்பார்கள். அதைக் குறைக்க வேண்டும். மீட்டரில் மைனஸ் 15 டெசிபல் வேண்டும் என்று கஸ்டமர் கேட்டிருந்தார். எனக்கு வந்தது மைனஸ் 9. மைனஸ் கூடக் கூட நல்லது.

எட்டு போர்டு முடிந்திருந்தது. நடுவில் செம்புத் தகடு வைத்தேன். கிரவுண்டில் பிளவு வெட்டினேன். இரண்டையும் மெல்லிய கோடு ஒன்றால் இணைத்தும் பார்த்தேன். ம்ஹூம்... கம்ப்யூட்டரில் வரும், மேசையில் வராது.

அக்கா கருவிகளுக்கு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்.

"இதுக்கும் ஒன்னு வைங்கக்கா. அப்படியாச்சும் உருப்படட்டும்."

"போர்டுக்கா? வேணாம்லா தம்பி. லிம் பாத்தா ஏசுவாரு."

"வைங்கக்கா. எட்டு செத்துப்போச்சு. இதுக்கு மேல என்னா ஆவப்போவுது."

சிரித்துக்கொண்டே இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவில் அப்பினார். "கேஸ் மோசமா இருக்கு. பெரிய சைஸா வச்சிருக்கேன்."

மேல்மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன். கேபிளை மாட்டினேன்.

மைனஸ் 19.

நம்பவில்லை. மீட்டரை மறுபடி கேலிபரேட் செய்தேன். மைனஸ் 19.

அந்த எண்ணை மானேஜர் லிம்முக்கு அப்போதே அனுப்பினேன். அவர் கஸ்டமருக்கே அனுப்பிவிட்டார். அக்கா கொண்டுவந்த சுண்டலை பேன்ட்ரியில் நின்றபடியே இருவரும் காலி செய்தோம்.

"சாமியும் இன்ஜினியரிங் படிச்சிருக்கும் போல," என்றார்.

திங்கட்கிழமை காலை. அதே போர்டு, அதே கேபிள். மைனஸ் 10.

ஒன்றும் புரியவில்லை... கேபிளை மாற்றினேன். கனெக்டரைத் துடைத்தேன். ஏர்கோனைக்கூட ஆஃப் செய்து பார்த்தேன். மதியம்தான் மூடியைத் திறக்கத் தோன்றியது. சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன்.

மைனஸ் 18.

வெளியே வரும் பவரை அளக்கும் சேம்பரில் வைத்துப் பார்த்தேன். பாதி பவர் வெளியே வரவே இல்லை. ஈரச் சந்தனம் குடித்துவிட்டது. ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்ததற்குக் காரணம், இரண்டுமே சரியாக வேலை செய்யாததுதான்.

லிம்மிடம் உடனே சொன்னேன். மறைக்கவில்லை. ரிப்போர்ட்டில் ஒரே வரி: டெக்னீஷியன் போர்டின் மேல் வெளிப்பொருள் பூசினார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நான் கன்பர்ம் ஆனேன். தானே முன்வந்து தவறைச் சொன்னவன் என்று லிம் எழுதினார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவர் வாங்கிய முதல் கடிதம்.

பேன்ட்ரியில் அக்கா கேட்டார்.

"நீதானே வைக்கச் சொன்ன?"

"அது டெக்னிக்கல் விஷயம் இல்லக்கா. ரிப்போர்ட்டுக்குத் தேவையில்ல."

"ஓ. சரி சார்."

அதுவரை தம்பி. அன்றிலிருந்து சார்.

அன்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். வைக்கச் சொன்னது நான்தான் என்று அக்கா லிம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? கன்பர்ம் ஆகவேண்டியது நான். அவருக்கு அதில் என்ன?

இப்போது மைனஸ் 17 எடுக்கிறேன், பவர் குறையாமல். லேப் பளிச்சென்று இருக்கிறது. பூஜைப் பொருள் கொண்டுவரக்கூடாது என்று கதவில் நோட்டீஸ். அக்கா மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து, அளந்த எண்களைப் பிழையில்லாமல் எழுதித் தருகிறார். குட் மார்னிங் சார், பை சார். அந்த ஐந்து மாதமும் எந்த போர்டும் வேலை செய்யவில்லை, ஆனால் பேன்ட்ரியில் அவ்வளவு சிரித்தோம்...

இன்று காலை சீனியர் டெக்னீஷியன் நேர்முகத்துக்கான பெயர்ப் பட்டியல் வந்தது. அக்கா பெயர் இல்லை. லிம்மிடம் கேட்டேன். "அவர் ஃபைலில் கடிதம் இருக்கே," என்றார். பட்டியல் வெள்ளிக்கிழமை இறுதியாகிறது.

நான் செய்யப்போவது:

1. பழைய ரிப்போர்ட்டைத் திறந்து அந்த வரியில் "இன்ஜினியர் கேட்டதால்" என்று சேர்ப்பது. கீழே என் கையெழுத்து, நாளைய தேதி.

2. காலை ஒன்பது மணிக்கு அதை லிம் மேசையில் வைப்பது. எச்.ஆருக்கு ஒரு பிரதி. கடிதம் யாருக்குப் போகவேண்டுமோ அவருக்குப் போகட்டும்.

3. வியாழன் வரை பதில் இல்லையென்றால் மறுபடி போவது.

4. அக்காவிடம் சொல்வது. என்ன சொல்வது... தெரியவில்லை. மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன்.