திருப்பித் தைத்த கோட்டு

அது அவள் புருஷனுடைய கோட்டு இல்லை. பொத்தான் வலது பக்கம் இருக்கிறதாம், அதனால் ஆம்பளைக் கோட்டாம், அதை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிப்போனாளாம்! படிக்கட்டுக்குக் கீழே நின்று பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்காதா? அவருடைய தொந்தி எங்கே, அந்தக் கோட்டின் இடுப்பு எங்கே? ஓடிப்போனவள் சாயங்காலமே வேலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாளா? நடந்ததைக் கேளுங்கள்.

எல்லோருக்கும் அவள் கத்திரி. இடுப்பில் கத்திரிக்கோல் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. துணிக்கடைப் பின்னறையில் பத்து வருஷம் ஊரார் கால்சட்டைக்கெல்லாம் விளிம்பு மடித்தாள். தனக்கென்று புதுத்துணி வாங்கியதே இல்லை. கிழிந்த மேசைவிரிப்பு பாவாடையாகும், மாமனாரின் பழைய சட்டை அவளுக்குச் சட்டையாகும், எல்லாம் அந்தக் காலத்து மோஸ்தரில்.

ஒரு நாடகக் குழு பழங்கால உடுப்புத் தைக்க ஆள் தேடியது. போய்க் கேட்டாள்.

"நீங்களே வெட்டித் தைச்ச ஒண்ணைப் போட்டுக்கிட்டு திங்கக்கிழமை வாங்க, பாக்கலாம்."

விளிம்பு மடித்தே கண் மங்க வேண்டாம் என்றால் இது ஒன்றுதான் வழி. அத்தை இளவயதில் கோட்டுப் போட்டுக்கொண்டு தட்டச்சுப் பள்ளி வாசலில் நிற்கும் புகைப்படத்தை எடுத்தாள். அகலக் கழுத்துப்பட்டை, ஒடுங்கிய இடுப்பு. படத்தில் அத்தை கையிலிருந்த புத்தகம் இன்னும் வீட்டில் கிடந்தது. அதை அளந்து, அந்தக் கணக்கில் படத்திலிருந்த கோட்டின் அளவையும் கண்டுபிடித்தாள். கடையில் கழித்துப் போட்ட பச்சைத் திரைச்சீலை கெட்டித் துணி, இரண்டு பக்கமும் ஒரே நெசவு. பின்னறை விளக்கு வெளிச்சத்திலேயே வெட்டித் தைத்து, பொத்தான் துளைகூடப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டு ஜன்னலோரம் மாட்டிப் பார்த்தால், மேலிருந்து கீழாக வெளிறிய பட்டைகள்! திரையின் மடிப்புகள் துருத்திக்கொண்டிருந்த இடமெல்லாம் வெயில் தின்றிருந்தது.

"வரிக்குதிரைத் தோலை மாட்டினா மாதிரி இருக்கே!" என்றார் புருஷன்.

கூட இருந்த அவள் அக்கா சிரிக்கவில்லை. "எங்கிட்ட கடைக்கோட்டு ஒண்ணு புதுசா இருக்குடி. போட்டுக்கிட்டுப் போ. நீ தைக்கலன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேக்கா."

கைப்பகுதியைத் திருப்பிப் பார்த்தாள். வெயில் படாத உள்பக்கம் பச்சைப் பசேலென்று இருந்தது. உட்கார்ந்தாள். ஒரு தையல் விடாமல் பிரித்தாள். உள்ளை வெளியாக்கி, ஞாயிறு முழுக்க மறுபடி தைத்தாள். திருப்பியதில் வலது இடதாகிப் பொத்தான் இடம் மாறிவிட்டது. வெட்டிய துளையை என்ன செய்வது?

"ஆம்பளைப் பக்கம் போயிடுச்சேடி!" என்றாள் அக்கா.

"போகட்டும். பட்டை போச்சில்ல?"

திங்கட்கிழமை காலை. வாசலில் அக்கா அந்தக் கடைக்கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள். "கடைசியா கேக்கறேன். பஸ்ஸுல எல்லாரும் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும்கா. முதுகுப் பக்கத் தையலையும் நல்லாப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்."

பழகாத பக்கத்துப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கதவைத் திறந்து, படியிறங்கிப் போனாள்.