சேனைப் பூவும் என் சட்டையும்

தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் உட்கார்ந்த இடத்தில் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கும் வேலை என்று நம்பித்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் புரொபசர் கூப்பிட்டார்.

“ஓய், நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வரவருக்குச் சேனைப் பூவை உயிரோட பாக்கணுமாம். உம்ம டெம்பரரி போஸ்டைப் பெர்மனென்ட் பண்றதும் அவர் கையிலதான் இருக்கு. புரியறதா?”

புரிந்தது. சேனைக்கிழங்கைத் தின்றவர்கள் உண்டு. அதன் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. பூக்கும்வரை யாரும் அதை மண்ணில் விட்டுவைப்பதில்லை. மறந்துபோன கிழங்குதான் கோடை மழைக்குப் பிறகு, இலை வருமுன்னே, தரையை ஒட்டிப் பூக்கும். கருஞ்சிவப்பு மடல், நடுவில் மூளை போலச் சுருங்கிய கொண்டை, என் மூளையைவிடப் பெரியது. ஈயையும் வண்டையும் அழைக்க அழுகிய மாமிச வாடை வீசும்.

ஜீயபுரத்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மாலையில் போய் நின்றேன். தோட்டக்கார அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டினார்.

“இப்பதாங்க விரிஞ்சுச்சு. எலி செத்துக் கிடக்குன்னு வீடு முழுக்கத் தேடிட்டோம். புண்ணியமாப் போகும், எடுத்துட்டுப் போயிருங்க.” மண்வெட்டியும் அவரே கொடுத்தார்.

கிழங்கோடு பெயர்த்துச் சாக்கில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

“யோவ், பொணத்தையா கட்டி எடுத்துட்டு வர்றே?” என்றார் ஒரு பயணி.

“பூவுங்க.”

“பூவா! அப்ப தலையில வச்சுக்கிட்டு நடந்தே வா!”

இறக்கிவிட்டார்கள். அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டியில்லை. வேலை போயிற்று என்று நிற்கையில், கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு குரல் கொடுத்தார்.

“மூட்டையில என்னங்க?”

“சேனைங்க. பூவோட.”

“கிழங்கு இருக்கா? ஏறுங்க சீக்கிரம்!”

இருந்த ஒரே ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, அவர் நின்றுகொண்டே வந்தார்.

“நீங்க உட்காரலையா?”

“உட்கார முடிஞ்சா உங்களை எதுக்குங்க ஏத்துறேன்? மூலங்க. சேனையை அரிசி கழுவுன தண்ணியில ஊறப்போட்டு, புளி விட்டு வேகவச்சுத் தின்னா அடங்கும்னு எங்க உறையூர்ல சொல்றாங்க.”

புளி விட்டால் நாக்கில் அரிப்பு போகும். மூலம் போகுமா என்று என் புத்தகத்தில் இல்லை. பூ வாடியதும் கிழங்கு அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தேன்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், நான் இறங்கும்போது சொன்னார்: “இந்தச் சட்டையோட போனா ஸ்ரீரங்கத்துக்காரங்க பாலத்துக்கு இந்தப் பக்கமே உங்கள நிறுத்திடுவாங்க. எங்கயாவது மாட்டிட்டுப் போங்க.”

பூவை லாபில் தொட்டியில் வைத்து, சட்டையை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு, மேல்துண்டோடு வீடு போனேன்.

காலையில் பூவின் மேல் ஒரு ஈ இல்லை. வாடையும் இல்லை. விரிந்த மாலையில்தான் அந்த வீச்செல்லாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மெட்ராஸ்காரர் குனிந்து மோந்தார்.

“வாசனையே இல்லையே. விரிஞ்ச அன்னிக்கே எடுத்தீரா? என்ன சாட்சி?”

புரொபசர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஈக்களெல்லாம் அங்கேதான் இருந்தன.

“சாட்சி அங்கே தொங்கறது, சார்.”

அவர் போய்ச் சட்டையை மோந்தார். சடாரென்று பின்வாங்கிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அற்புதம்! இந்தச் சட்டையைத் துவைச்சுடாதீங்கோ. ஆளையும் அனுப்பிடாதீங்கோ.”

வேலை நிலைத்தது. கிழங்கைக் கார்டிடம் சேர்த்தேன். அடுத்து அவரைப் பார்த்தபோது உட்கார்ந்தபடியே பச்சைக்கொடி காட்டினார். கிழங்கால்தான் என்று நான் சான்று எழுத மாட்டேன். அந்த ஸ்டூலில் என்னை உட்காரவைத்தவர் ஒருநாள் தானும் உட்கார்ந்தாரே, அது போதும்.

செடி தேடிப் போகும் பிள்ளைகளே, கையில் வருவது மட்டும் ஸ்பெசிமன் அல்ல, மேலே ஒட்டியதும்தான். வீட்டில் என்ன திட்டினாலும், குறிப்பு எழுதி முடிக்கும்வரை துவைக்காதீர்கள்.