காலிப் படகு

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மச்சானும் நானும் மீன் வளர்க்க ஒரு கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மோட்டார் படகுக்குப் புரொப்பெல்லர் வாங்கப் போனபோது, இதழ் அதிகம் சாய்ந்தது வேகத்துக்கு, குறைவாகச் சாய்ந்தது பாரத்துக்கு என்றார் கடைக்காரர். ராஜபாளையம் மில் ஃபிட்டரான எனக்கே பாடமா என்று வேகமானதையே வாங்கி வந்தேன்.

முதல் நாள் காலிப் படகு சீறிக்கொண்டு போனது. கரையில் நின்ற மனைவிக்குக் கைகூட ஆட்டினேன். வலை இழுத்த அன்று, கட்லா மீன்களை ஏற்றியதும் எஞ்சின் முக்கி முனகி நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

மறுநாளே கடைக்குப் போய், குறைவாகச் சாய்ந்ததை வாங்கி வந்து மாட்டினேன். இப்போது எம்புட்டு மீன் ஏற்றினாலும் படகு சீராகக் கரைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் சாப்பிடும்போது குறைப்பட்டுக்கொண்டேன்: “காலியா போகும்போது ஆமை மாதிரி ஊருது.”

மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்: “காலிப் படகு ஓட்டவா கண்மாயை எடுத்திய?”