முகவரி இல்லாத தபால்காரி

என் அக்கா முப்பத்தோரு வருடம் தபால்காரியாக இருந்தாள். யார் எந்தச் சந்தில், எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஓய்வு பெற்ற மறுமாதமே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ரொட்டிக் கம்பெனி கழித்துக் கட்டிய பழைய டெலிவரி வேன் ஒன்றை வாங்கி அதில் குடியேறினாள். அன்றிலிருந்து ஊரில் முகவரி இல்லாத ஒரே ஆள் அவள்தான்.

வேனை அவளே இழைத்து இழைத்து வீடாக்கினாள். படுக்கைக்கு அடியில் துணிப்பெட்டி, கதவோரம் அடுப்பு, கூரையில் சோலார் தகடு. இருபது லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஓட்டிவிடுவாள். ஒரு தட்டைக் கழுவ அரை டம்ளர்தான். குளியல் நகராட்சி நீச்சல் குளத்தில். கழிப்பறை பற்றி நான் கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். எங்கே நிறுத்தினாலும் முதலில் வேனின் தரையில் ஒரு கோலிக்குண்டை வைப்பாள். அது உருளும் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து மட்டம் பார்த்த பிறகுதான் அடுப்பே பற்றவைப்பாள். மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் நகராட்சிக்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஏரிக்கரை, நூலக வாசல், மைதானம் என்று மகாராணி சுற்றுப்பயணத்திலேயே இருப்பாள். எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் உண்டு.

போன மாதம் அவளுடைய ஓட்டுநர் லைசென்ஸ் முடிய இரண்டே வாரம் இருந்தது. புதியது பதிவுத்தபாலில்தான் வரும். அந்த முகவரியில் குடியிருப்பவரே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். திரும்பிப் போனால் மறுபடி எழுதிப்போட்டு வருவதற்கு மூன்று மாதம் ஆகும். பழையது முடிந்துவிட்டால் அதுவரை ஓட்டக் கூடாது. ஓட்டாமல் நின்ற வண்டி நாலாம் நாள் நகராட்சிக் கொட்டகையில் இருக்கும். அக்காவின் வீடு மொத்தமும் அந்த ஒரு உறைக்குள் இருந்தது.

விண்ணப்பத்தில் என் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, "தபால் வர்ற வரைக்கும் உன் வீட்லதான் இருக்கப் போறேன்" என்று தலையணையும் பையுமாக வந்து நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி அறையில் புது விரிப்புப் போட்டேன். தபால் மெதுவாக வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் காலையில் என் வீட்டுக்காரர் டீத்தூள் எடுக்கப் போனார். சமையலறை அலமாரிக் கைப்பிடிகள் அத்தனையும் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தன.

"யாரு கட்டினது இதை?"

"நான்தான் மாப்ளே. கட்டாம விட்டா, கிளம்பும்போது எல்லாம் கொட்டிடுமேன்னு..." பாதியிலேயே அவளுக்கு உறைத்துவிட்டது.

"நம்ம வீடு எங்கயும் கிளம்பாது அண்ணி," என்றார் அவர் மிகவும் பணிவாக.

மூன்றாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு, எதிரே தெருவில், மூன்று நாளுக்குள் இடம் மாற்றி மாற்றி நிறுத்திக்கொண்டிருந்த வேனுக்கே போய்விட்டாள். "உன் ரூம் ரொம்பப் பெரிசுடி. புரண்டு படுத்தா எங்க இருக்கேன்னே தெரியல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒன்பதாம் நாள் தபால்காரர் வந்தார். அக்கா ஓய்வு பெற்றதும் அவள் இடத்துக்கு வந்தவர். அவளைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இந்த வீட்லதான் குடியிருக்கீங்களா மேடம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இவள் யார்? வீடு மாறிய சொந்தச் சித்தப்பாவுக்குப் பழைய முகவரியில் வந்த கடிதத்திலேயே 'இங்கே குடியில்லை' என்று எழுதித் திருப்பியனுப்பிவிட்டு, அவரிடம் இரண்டு வருடம் பேச்சில்லாமல் இருந்தவள்.

"இல்ல தம்பி. அந்த வேன்ல இருக்கேன்," என்று கையை நீட்டிக் காட்டினாள்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு நாள் மாடியில தூங்கினியே!" என்று கத்தினேன்.

"தூங்கினேன். குடியிருக்கலையே."

தபால்காரர் நெளிந்தார். "அவங்களே இப்படிச் சொன்னதுக்கப்புறம் நான் எப்படிக் குடுக்கறது? நாளைக்கு இன்னொரு தடவை கொண்டு வருவேன். அதோட திருப்பி அனுப்பியாகணும்."

அக்காவின் முகத்தில் பிடிவாதம் அப்படியே இருந்தது. ஆனால் விரல்கள் வேன் சாவியைப் போட்டு நெருடிக்கொண்டிருந்தன. பயந்துபோயிருந்தாள். அதைப் பார்த்ததும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இவளை மாடியறையில் பிடித்து வைத்து நான் என்ன சுகம் காணப் போகிறேன்?

"அந்த வண்டி எங்க கேட்டுக்கு உள்ள நின்னா?" என்று கேட்டேன்.

தபால்காரரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காம்பவுண்டுக்குள்ள குடியிருந்தா அந்த வீட்டு நம்பர்தான்," என்றார்கள், கிட்டத்தட்ட ஒரே குரலில்.

கேட்டிலிருந்து வாசற்படி வரை என் வீட்டுக்காரரின் பூந்தொட்டிகள்தான். பதினாறு தொட்டிகளையும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார், தொட்டிக்கு ஒரு பெருமூச்சு வீதம். அக்கா வேனை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து உள்ளே வந்தாள். "வலது பக்கம் ஒடி! வலதுன்னா எந்தப் பக்கம்னு தெரியாதா?" என்று நான் கத்த, "நீ நிக்கிற வலதா, நான் உக்காந்திருக்கிற வலதா?" என்று அவள் கத்த, வாசல் விளக்கு ஒன்று உயிரை விட்டது. கோலிக்குண்டை வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, உங்க தரை மட்டமாத்தான் இருக்கு" என்று எங்களுக்கு நற்சான்றிதழ் கொடுத்தாள்.

மறுநாள் தபால்காரர் அதே கேள்வியை ஒரு சொல் மாறாமல் கேட்டார்.

"ஆமா தம்பி, இங்கதான் குடியிருக்கேன்," என்று சொல்லி, வேன் படியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

மதியத்துக்குள் கிளம்பிவிட்டாள். ஏரிக்கரையில் நிழல் இருக்கும் இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்களாம். புறப்படும் முன் லைசென்ஸை என்னிடம் காட்டினாள். "படம் கேவலமா இருக்கு" என்றேன், அழுகையை அடக்க வேறு வழி தெரியாமல்.

வேன் தெருமுனையில் திரும்பியதும் என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய் முதல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அங்கேயே வச்சிடுங்க," என்றேன். "எங்க அக்கா பொய் சொல்றவ இல்ல. இங்கதான் குடியிருக்கேன்னு கையெழுத்துப் போட்டிருக்கா."