மிசாவோ வீட்டு வாசலில் வெள்ளைத் துண்டு

சிஹாரு அந்தக் கடலோர ஊருக்கு முதன்முதலில் வந்தது இரண்டு நாள் விடுமுறைக்கு. பைன் மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும் வளைகுடாவைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவதாக இருந்தாள். விடுதி நடத்திய மிசாவோ, அறையைக்கூடக் காட்டாமல் அவளைக் கொல்லைப்புறமாக அழைத்துப்போய், கோயில் மேட்டுக்கு ஏறும் கல்படிகளின் முன் நிறுத்தினாள்.

"ஏறு."

"இப்பவேவா? பசிக்குதேக்கா."

"ஏறிட்டு வந்தாத்தான் சோறு. கண்ணை மூடிக்கிட்டாலும் உன் காலு இந்தப் படியைக் கண்டுபிடிக்கணும்."

மறுவருஷம் சிஹாரு விடுதிக்குப் பக்கத்து வீட்டுத் தொமோஹிரோவைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிவந்தாள். விருந்தாளியாக இருந்தவரை அவள் பார்த்தது கடலின் நிறத்தை. குடிவந்தபின் பார்த்தது அதன் மட்டத்தை. லாரி போய்க் கோப்பை லேசாக ஆடினாலும் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்ப்பாள். தலைமாட்டில் செருப்பை வைத்துக்கொண்டு படுப்பாள். தொமோஹிரோ கேலி செய்வான். மிசாவோ மட்டும் சிரித்ததில்லை.

"பயப்படு. பயந்தவங்க பெத்த பிள்ளைங்கதான் இந்த ஊருல மிச்சம்."

பூமி குலுங்கினால் யாரும் யாரையும் தேடக்கூடாது என்பது அங்குள்ள வழக்கம். அவரவர் காலில் அவரவர் ஏற வேண்டும். கிளம்பும்போது வாசலில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். போகிறவர்கள் நின்று கதவைத் தட்ட வேண்டியதில்லை. முந்தைய சுனாமிப் பேரலையில் அந்த ஊர் இழந்தவர்களில் பலர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்கள். கல்நெஞ்சம்போலத் தெரியும் அந்த வழக்கம் அப்படித்தான் வந்தது.

மார்ச் மாதத்து மதியம் ஒன்றில் சிஹாரு முற்றத்தில் கடற்பாசி வேகவைத்துக்கொண்டிருந்தாள். கொதிநீரில் போட்ட பழுப்புப் பாசி பளிச்சென்று பச்சையாக மாறும் நேரம். தொமோஹிரோ சரக்கோடு டவுனுக்குப் போயிருந்தான். முதலில் அண்டாவின் நீர் நடுங்கியது. பிறகு அண்டாவே சாய்ந்தது. ஒலிபெருக்கி அலறத் தொடங்குவதற்குள் அவள் தன் வாசலில் துண்டைச் சுற்றிவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

மிசாவோவின் வாசலைக் கடக்கையில் வெள்ளைத் துண்டு கண்ணில் பட்டது. 'போய்விட்டாள்' என்று மனம் சொன்னது. கால்கள் நிற்கவில்லை. நிற்காமல் போக ஒரு காரணம் கிடைத்ததில் வந்த நிம்மதி, பிற்பாடு அவளை நெடுநாள் வதைத்தது.

மேட்டில் ஊர்த்தலைவர் குராஜி ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மிசாவோவின் பெயருக்குப் பதில் இல்லை.

"துண்டு கட்டியிருந்துச்சா?"

"கட்டியிருந்துச்சு அண்ணா. நானே பாத்தேன்."

"அப்ப கிளம்பிட்டாங்க. வழியில வந்துக்கிட்டிருப்பாங்க."

வழியில் யாரும் இல்லை. படிகள் காலியாகக் கிடந்தன. அப்போதுதான் சிஹாருவுக்கு அந்த முடிச்சு நினைவுக்கு வந்தது. இரட்டை முடிச்சு, இரண்டு முனைகளும் ஒரே அளவில், நிதானமாக இழுத்துவிடப்பட்டவை. ஓடுகிறவள் போட்ட முடிச்சு அல்ல அது. குளிர்காலம் முழுக்க மிசாவோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததும், மேடேறும் போன ஒத்திகையில் பாதிப்படியிலேயே உட்கார்ந்து, "இந்தப் படி வளந்துடுச்சுடி" என்று சிரித்ததும் சேர்ந்து வந்தன.

"உள்ளதான் இருக்காங்க" என்றாள். இரண்டு படி இறங்கியும் விட்டாள்.

குராஜி கையை நீட்டி மறித்தார். "கீழ பாரு."

வளைகுடா வற்றிக்கொண்டிருந்தது. சிப்பி வளர்க்கும் கம்புகள் அடிவரை தெரிந்தன. அவள் எத்தனையோ முறை படம்பிடித்த நீலம் இருந்த இடத்தில் கறுத்த சேறு மின்னியது. எங்கும் சத்தமே இல்லை. அவர் கையைத் தட்டிவிட்டு இறங்கியிருக்க முடியும். அவர் பலசாலி அல்ல. அவள் இறங்கவில்லை. அந்தக் கையையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடல் திரும்பி வந்தது. சீறவில்லை, உயர்ந்துகொண்டே வந்தது. மீன்பிடித்துறை மறைந்தது, பிறகு சாலை. மிசாவோவின் வாசலில் பாதிக்கதவு வரை ஏறிய நீரில் அந்தத் துண்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று சிஹாரு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீர் தயங்கி, வந்ததுபோலவே இறங்கியது. அதற்குப் பின் வந்தவை சிறிய அலைகள்.

அபாயம் நீங்கியதாக அறிவித்ததும் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். மாடியறையில் மிசாவோ போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன.

"வந்துட்டியா? கீழ அரிசியெல்லாம் போயிடுச்சுடி."

"துண்டைக் கட்டிட்டு உள்ள உக்காந்திருந்தீங்களா? பொய் சொல்லிட்டீங்களே!"

"கட்டலைன்னா நீ தட்டியிருப்பே. என்னைத் தூக்கப் பாத்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

'தட்டியிருப்பேனா?' சிஹாருவுக்குத் தெரியவில்லை. மிசாவோ அவளைப்பற்றி நினைத்திருந்தது பெரியதாக இருந்தது. அவள் அதைவிடச் சிறியவளாக இருந்தாள். கீழே போய் இரட்டை முடிச்சை அவிழ்த்தாள். நனைந்து இறுகியிருந்தது, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. துண்டோடு மாடிக்குத் திரும்பினாள்.

"இது இனிமே எங்க வீட்டுல இருக்கும். நான் வந்து கட்டினாத்தான் உங்க வாசல்ல துண்டு."

"ஊர் வழக்கத்தை மாத்துறியா? குராஜி கத்துவான்."

"கத்தட்டும். பாசி அள்ளுற தள்ளுவண்டியில உங்களை ஏத்தி, மேட்டுக்கு வளைஞ்சு போற வண்டிப்பாதையில தள்ளிக்கிட்டுப் போயிடுறேன்."

"நான் என்ன, ஈரப்பாசியா?" என்று முறைத்தாள் மிசாவோ. ஆனால் துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தத் துண்டு இப்போது சிஹாருவின் சமையலறை ஆணியில் தொங்குகிறது. கை எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதில் துடைப்பதில்லை. கோப்பை ஆடும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். பயம் முன்போலவே வருகிறது. கடலைக் கண்டு மட்டும் அல்ல. மிசாவோவின் கதவின் முன்னால் தன் கால்கள் நிற்குமா என்றும்தான்.